ஜவ்வைத் தள்ளி உள்ளே வைக்க முடியுமா?

இடுப்பில் தொடங்கி, பிட்டத்தின் ஆழத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரைக்கும், சிலருக்குப் பாதம் வரைக்கும் சுளீரென்று இழுக்கும் வலிக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் சயாட்டிகா. தமிழ்நாட்டில் அந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "ஜவ்வு விலகிடுச்சு." அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதையெல்லாம் இந்த வாக்கியமே தீர்மானிக்கிறது. விலகியது அதன் இடத்தில் மறுபடி போய் உட்காரும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். கட்டிலை விட்டுக் கட்டாந்தரைக்கு வர வேண்டும். காலில் எடை கட்டி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போய் ஒரே தட்டில் உள்ளே தள்ளிவிட வேண்டும். எந்நேரமும் பெல்ட் கட்டியிருக்க வேண்டும். ஒரு பொருள் இடம் மாறிவிட்டது என்ற சித்திரம் மனதில் இருந்தால் இவை அனைத்துமே நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சித்திரம் பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு மட்டங்களிலிருந்தும், அதற்குக் கீழே உள்ள திருவெலும்பிலிருந்தும் வெளிவரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து சயாட்டிக் நரம்பாகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான். தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். வலி கால் முழுவதும் ஓடினாலும் கோளாறு பெரும்பாலும் காலில் இல்லை, நரம்பின் வேரில் இருக்கிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும், பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படும் டிஸ்க்கின் வெளிச்சுற்று, கொலாஜன் நார்கள் அடுக்கடுக்காகப் பின்னிய உறுதியான வளையம். உள்ளே நுங்குபோல் நீர்ச்சத்து மிகுந்த கூழ். வயதாலும் சுமையாலும் வளையத்தில் கீறல் விழும்போது கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி, அங்கே கடந்துபோகும் வேரைத் தொடுகிறது. சயாட்டிகாவில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அடிப்படை இதுதான். எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காலே காட்டிக்கொடுக்கும். ஐந்தாவது இடுப்பு வேர் என்றால் வலி காலின் வெளிப்பக்கமாக ஓடிப் பாதத்தின் மேற்புறத்துக்கு வரும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். திருவெலும்பின் முதல் வேர் என்றால் கெண்டைக்கால், சுண்டுவிரல் ஓரம், உள்ளங்கால் என்று வலி இறங்கும். நுனிக்காலில் எம்பி நிற்பது கடினமாகும்.

இந்த வலி இடுப்பு மூட்டின் வலி அல்ல, நரம்பின் வலி என்று பிரித்துக் காட்டி 1764இல் தனி நூல் எழுதியவர் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ. அதன்பின் டிஸ்க்கின் மேல் சந்தேகம் உறுதிப்பட 170 ஆண்டுகள் ஆயின. 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த அறுவை நிபுணர்கள் மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய டிஸ்க்கை அகற்றினால் கால்வலி போகிறது என்று காட்டினார்கள். அன்றிலிருந்து 'டிஸ்க் நரம்பை அழுத்துகிறது' என்ற விளக்கமே கோலோச்சியது. அதில் ஓர் ஓட்டை இருப்பது எம்.ஆர்.ஐ. வந்த பிறகே தெரிந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு ஒருபக்கமாகப் பிதுங்கியே இருந்தது. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியான மதிப்பாய்வு, நோவு எதுவும் இல்லாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் உப்பல் இருப்பதாகக் கணக்கிட்டது. அழுத்தம் ஒன்றே வலிக்குக் காரணமென்றால் இவர்களில் பலர் நடக்கவே முடியாமல் கிடக்க வேண்டும். அப்படி இல்லை. ஸ்கேன் அறிக்கையில் 'பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்ததுமே கலங்கிப்போவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது இதன் முதல் பாடம்.

அப்படியானால் வலிக்கு வேறென்ன வேண்டும்? சுவீடனின் கோதன்பர்க்கில் ஓல்மார்க்கரும் ரைடெவிக்கும் பன்றிகளை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான விடை தந்தது. பன்றியின் டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் கூழை எடுத்து, அதே பன்றியின் நரம்பு வேர்கள்மேல் அழுத்தம் எதுவும் கொடுக்காமல் சும்மா வைத்தார்கள். ஒப்பீட்டுக்காக வேறு சில பன்றிகளுக்குக் கொழுப்புத் திசுவை வைத்தார்கள். கூழ் பட்ட நரம்புகளில் சமிக்ஞை கடக்கும் வேகம் சில நாட்களுக்குள் குறைந்தது. கொழுப்பு பட்டவற்றில் அப்படி ஆகவில்லை. கூழ் நரம்பைத் தள்ளவேண்டிய தேவையே இல்லை, தொட்டாலே போதும் என்றாகிவிட்டது. பிறந்ததிலிருந்து ரத்த ஓட்டம் எட்டாமல் வளையத்துக்குள் அடைபட்டிருந்த அந்தக் கூழ் வெளியே வந்ததும், உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பு அதை அந்நியப் பொருளாகக் கருதி அழற்சியைத் தூண்டுகிறது. டி.என்.எஃப். முதலான வேதிப்பொருட்கள் அங்கே சுரந்து, நரம்பைத் தொட்டாலே சீறும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. அழுத்தம் கொஞ்சம், அழற்சி கொஞ்சம் என்று இரண்டும் சேரும்போதுதான் சயாட்டிகா.

அழற்சி இங்கே வில்லன் மட்டும் அல்ல என்பதுதான் கதையின் முக்கியமான திருப்பம். நரம்பை நோகடிக்கும் அதே எதிர்ப்புப் படையே பிதுங்கிய கூழைத் தின்று தீர்க்கவும் செய்கிறது. புதிய ரத்தக்குழாய்கள் அந்தத் துண்டுக்குள் வளர்கின்றன. அவற்றின் வழியே வரும் விழுங்கு செல்கள் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்கின்றன. அறுவை இல்லாமல் விடப்பட்டவர்களின் மறுபடங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் மதிப்பாய்வு ஒன்று வியப்பான வரிசையைத் தருகிறது. முழுதாக அறுந்து தனித் துண்டாகிப்போன டிஸ்க் சுருங்கிய விகிதம் 96 சதவீதம். வளையத்தைக் கிழித்து வெளியே வழிந்தது 70 சதவீதம். வளையத்துக்குள்ளேயே பிதுங்கியது 41 சதவீதம். வெறும் உப்பல் 13 சதவீதம்தான். படத்தில் மோசமாகத் தெரிவதே ரத்த ஓட்டத்துக்குள் அதிகம் வருவதால் அதிகம் கரைகிறது. கரைவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் வலி அதற்கு முன்பே இறங்கிவிடுவது வழக்கம், ஏனெனில் அழற்சி முதலில் அடங்குகிறது. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தெளிவான முன்னேற்றம் தெரிகிறது. எனவே ஜவ்வை யாரும் உள்ளே தள்ள வேண்டியதில்லை, தள்ளவும் முடியாது. வீட்டு வைத்தியத்தின் வேலை, அந்த வாரங்களைத் தாங்கக்கூடியதாக ஆக்குவதும், அதற்கிடையில் புதிதாக எதையும் கெடுக்காமல் இருப்பதும்தான்.

இந்த அளவுகோலை முதலில் படுக்கை ஓய்வின்மேல் வைத்துப் பார்க்கலாம். நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள்; மற்றவர்களை முடிந்தவரை வழக்கம்போல் நடமாடச் சொன்னார்கள். 1999இல் வெளியான முடிவு இது: இரண்டு வாரத்தில் படுத்திருந்தவர்களில் 70 சதவீதமும் நடமாடியவர்களில் 65 சதவீதமும் தேறியிருந்தார்கள், இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. பன்னிரண்டாவது வாரத்தில் இரு பக்கமும் 87 சதவீதம். "படுத்தால் வலி குறைகிறதே, பிறகு ஏன் படுக்கக் கூடாது?" என்ற கேள்வி நியாயமானது. படுக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நாள், அரை மணி, ஒரு மணி என்று படுப்பதில் தவறில்லை. மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தாலோ, வலியில்லாத பக்கமாக ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாலோ பலருக்கு இதமாக இருக்கும். ஆனால் படுப்பது வலிக்கு இடைவேளைதான், நோய்க்கு மருந்து அல்ல. வாரக்கணக்கில் கிடந்தால் தசை வற்றும், மலச்சிக்கல் வரும், எழுந்திருக்கவே பயம் வரும். கட்டாந்தரைக்கும் தனிப் பெருமை எதுவுமில்லை. நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் செய்து 2003இல் வெளியான ஒப்பீட்டில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே மேலாக இருந்தது.

நடமாடுவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வழக்கமான வேலையையெல்லாம் செய்வது என்று அர்த்தமல்ல. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடந்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவது போதும். நம் வீடுகளில் நரம்பை வம்புக்கிழுக்கும் நிலைகள் சில உண்டு. சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவதும், குனிந்து கூட்டுவதும், குந்தி உட்கார்ந்து துணி துவைப்பதும் இடுப்பை வளைத்து டிஸ்க்கின் பின்புறத்தைச் சோதிக்கின்றன. இந்திய முறைக் கழிப்பறை இருக்கும் வீட்டில் சில வாரங்களுக்குக் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிப் போடுவது விலையுயர்ந்த பெல்ட்டைவிடப் பயன் தரும். முக்குவது, இருமுவது, தும்முவது மூன்றும் முதுகுத்தண்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டி வலியைச் சுண்டிவிடும். ஆகவே கீரை, பழம், தண்ணீர் என்று மலச்சிக்கலைத் தவிர்ப்பதும் நரம்புக்கான பராமரிப்பே. படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராமல், ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் சில வாரங்களுக்கு வேறு ஒருவர் பொறுப்பு. குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனப் பயணத்தையும் தள்ளிப்போடுவது நல்லது.

உடற்பயிற்சியில்தான் நல்லெண்ணத்தோடு அதிகத் தீங்கு நடக்கிறது. நரம்பு இழுக்கிறது என்றால் அதை நீட்டிவிட வேண்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைத் தொட முயல்கிறார்கள். பாரிஸ் மருத்துவர் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தம் ஆய்வேட்டில் விவரித்த சோதனை ஒன்றை மருத்துவர்கள் இன்றும் செய்கிறார்கள்: நோயாளியை மல்லாத்தி, முழங்கால் மடங்காமல் காலை மேலே தூக்கினால் அழற்சியுற்ற வேர் இழுபட்டுக் கால்வலி கிளம்பும். குனிந்து பாதத்தைத் தொடுவது அதே இழுப்புதான், கூடவே டிஸ்க்கின்மேல் வளைவும் சேர்ந்துகொள்கிறது. நோயைக் கண்டறிய மருத்துவர் ஒருமுறை செய்வதை நோயாளி தினமும் இருபது முறை செய்துகொள்வது பயிற்சி ஆகாது. வலி கடுமையாக இருக்கும் வாரங்களில் பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம் போன்ற முன்வளைவுகளை ஒதுக்கிவைப்பதே அறிவு. மாற்றாக எதைச் செய்வது என்பதற்கு நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1956இல் தற்செயலாகக் கண்ட ஒன்று வழிகாட்டுகிறது. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் இருந்த நோயாளிக்குக் கால்வலி மறைந்து, இடுப்பில் மட்டும் வலி மிஞ்சியது. வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், இடுப்புக்கும் ஏறிச் சுருங்குவது நல்ல அறிகுறி. இடுப்பில் வலி தற்காலிகமாகக் கூடினாலும் அது பொருந்தும். வலி கீழ்நோக்கி நீண்டால் செய்வதை நிறுத்த வேண்டும். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்துவதைச் சிலமுறை செய்து, இந்த விதியால் அளந்து பார்க்கலாம். எல்லோருக்கும் இது ஒத்துவராது. நடந்தால் இரு கால்களும் கடுத்து, உட்கார்ந்தாலோ முன்னே சாய்ந்தாலோ அடங்கும் முதியவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் முதுகுத்தண்டுப் பாதைக் குறுக்கம். அவர்களுக்குப் பின்வளைவு வலியைக் கூட்டவே செய்யும்.

ஒத்தடம், எண்ணெய், மாத்திரை மூன்றும் வலியைத் தணிப்பவை. கூழைக் கரைப்பவை அல்ல. அந்த எல்லைக்குள் அவற்றுக்கு மதிப்பு உண்டு. வெந்நீர் ஒத்தடம் விறைத்த இடுப்புத் தசையைத் தளர்த்தும். ஆனால் அதை மரத்துப்போன கெண்டைக்காலிலோ பாதத்திலோ வைப்பது ஆபத்து. தோலுக்குச் சூடு உறைக்காததால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகலாம். ஒத்தடப் பையைத் துணியால் சுற்றி, கையால் சூடு பார்த்து, இடுப்போடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. மென்மையாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. நரம்பு ஓடும் வழியில் கட்டைவிரலால் அமுக்கிப் பிசைவதில் நன்மை இல்லை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிலருக்குச் சில நாள் உதவும். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இவற்றை மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. நரம்பு மாத்திரை என்று பரவலாகத் தரப்படும் ப்ரீகபாலின், ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது (2017) வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. வாய்வழி ஸ்டீராய்டை 269 பேரிடம் ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் அன்றாடச் செயல்பாடு சற்றே மேம்பட்டது, வலி குறையவில்லை. அதனால் பெயர் அச்சிடாத காகிதப் பொட்டலத்தில் வரும் 'கைகண்ட' மாத்திரை மறுநாளே அதிசயம் செய்தால் மகிழ்வதைவிட அதில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகிப்பதே சரி.

"சுளுக்கு எடுப்பவர் ஒரே இழுப்பில் குணமாக்கினாரே, அது பொய்யா?" என்பது இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான மறுப்பு. குணமானது பொய்யல்ல; யார் குணமாக்கினார்கள் என்பதில்தான் கேள்வி. வலி தாங்க முடியாத உச்சத்தில்தான் எவரும் அவரைத் தேடிப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு வலி இறங்குவதே இந்நோயின் இயல்பு. எனவே அந்த நாட்களில் எது செய்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். குணமாகாதவர்கள் திரும்பி வந்து ஊரில் சொல்வதும் குறைவு. இதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாத அனுபவம் எவ்வளவு திரண்டாலும் சான்றாவதில்லை. இதே அளவுகோல் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்: இடுப்பை எந்திரத்தால் இழுக்கும் டிராக்ஷனையும் பெல்ட்டையும் சயாட்டிகாவுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. சுளுக்கு எடுப்பது பயனற்றது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. நரம்பு வேருக்கு இடமே இல்லாத நெருக்கடியில், முதுகில் ஏறி மிதிப்பதும் திடீரென்று முறுக்குவதும் இருக்கும் பாதிப்பைக் கூட்டிவிடக்கூடும். எலும்புருக்கி நோயோ புற்றோ அரித்திருக்கும் முள்ளெலும்பை, அது தெரியாமல் முறுக்கினால் நேரும் சேதம் இன்னும் பெரிது.

இங்கேதான் வீட்டு வைத்தியத்தின் எல்லைக்கோடு வருகிறது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் குதிரைவால் போன்ற நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால், சிறுநீர் வரும் உணர்வு குன்றும் அல்லது அடைத்துக்கொள்ளும். மலம் தன்னையறியாமல் போகும். மலவாய், பிறப்புறுப்பு, உள்தொடை ஆகிய இடங்கள், கழுவும்போது தொடுவது தெரியாத அளவுக்கு மரத்துப்போகும். வலி இரு கால்களுக்கும் பரவும். இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாக வந்தாலும் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உடனடி அறுவைக்கு மட்டுமே பலன் உண்டு. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போகலாம். கூச்சத்தால் இந்த அறிகுறிகளை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. பலவீனத்தை வீட்டிலேயே கண்காணிக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒருமுறை குதிகாலால் நாலு அடி, நுனிக்காலால் நாலு அடி நடந்து பார்ப்பது போதும். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றாலும், நடக்கையில் செருப்பு தானாகக் கழன்றாலும், பாதம் தரையில் தேய்ந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய், விழுந்த அடி, நாள்பட்ட ஸ்டீராய்டுப் பழக்கம், படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை இருந்தால் இது சாதாரண டிஸ்க் பிரச்சினை என்று வீட்டில் முடிவு கட்டக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் இன்னும் மறையாத நாடு இது.

"தானாகவே ஆறும் என்றால் அறுவை சிகிச்சை எதற்கு?" என்று மறுபக்கத்திலிருந்தும் கேட்பார்கள். நெதர்லாந்திலேயே இன்னொரு குழு, 6 முதல் 12 வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேரை உடனடி அறுவைக்கும் காத்திருப்புக்கும் பிரித்து 2007இல் முடிவை வெளியிட்டது. அறுவைப் பிரிவினர் சராசரியாக 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்கு 12 வாரம் ஆயிற்று. ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் காத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேர் வலி பொறுக்காமல் இடையில் அறுவை செய்துகொண்டவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பலவீனமோ அவசர அறிகுறியோ இல்லாதவருக்கு அறுவை வாங்கித் தருவது வேகம். காத்திருப்பு தவிர்த்துத் தருவது அறுவையின் அபாயம். எது தமக்கு முக்கியம் என்பதை நோயாளி தீர்மானிக்கலாம். பொறுமைக்கும் ஒரு கெடு வேண்டும்: ஆறு வாரம் முறையாகக் கவனித்தும் வலி இறங்குமுகம் காட்டவில்லை என்றால், ஸ்கேனும் நிபுணர் ஆலோசனையும் அப்போதுதான் பொருள் உள்ளவையாகின்றன.

இந்த வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு, அதை மருத்துவத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. காத்திருப்பதன் பலனைக் காட்டிய ஆய்வுகள், நோய்க்கால ஊதியம் கிடைக்கும் நாடுகளில் நடந்தவை. மூட்டை தூக்குபவருக்கும், நாற்று நடுபவருக்கும், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுபவருக்கும் ஆறு வாரம் சுமையைத் தவிர்ப்பது என்றால் ஆறு வாரக் கூலி. அவர்கள் ஒரே ஊசியில் முடியவேண்டும் என்று கேட்பது அறியாமையால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். அதற்காக உண்மையை மாற்றிச் சொல்ல முடியாது. ஊசி போட்டாலும் கூழ் தன் வேகத்தில்தான் கரையும். குடும்பமும் வேலை தருபவரும் செய்யக்கூடியது, அந்த வாரங்களில் அவர் கையிலிருந்து சுமையை வாங்கிக்கொண்டு, நின்றும் நடந்தும் செய்யக்கூடிய இலகுவான வேலையைக் கொடுப்பது. தைலத்தையும் பெல்ட்டையும்விட, வீட்டில் குடத்தை யார் தூக்குவது என்று மாற்றி எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கே இந்த நோயில் மருத்துவ மதிப்பு அதிகம்.